முதல் இரவு: 2014 ரூட் து ரம் பந்தயத்தில் நேர்ந்த மோதல்

2014 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸின் சென் மாலோ துறைமுகத்தில் பிற்பகல் இரண்டு மணி; கொழும்பில் மாலை ஆறரை. வெள்ளவத்தையில் இடிமழை பெய்து ஓய்ந்து, நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நான் கணினித் திரையில் ஒரு கடல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோட்டின் பின்னால் 91 புள்ளிகள் அடைந்து கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாய்ப்படகு. ஒவ்வொரு படகிலும் ஒரே ஓர் ஆள். அவர்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவுக்குப் போக வேண்டும். தூரம் 3542 கடல்மைல்.

கோடு திறந்தது. புள்ளிகள் மேற்கு நோக்கிச் சிதறின. சுமார் ஒன்பது மணித்தியாலங்களுக்குப் பின்னர், அங்கே இரவு பதினொரு மணி கடந்த வேளையில், முன்னணியில் போய்க்கொண்டிருந்த புள்ளிகளில் ஒன்று சரக்குக் கப்பல் ஒன்றுடன் மோதியது. அந்தப் படகின் பெயர் சொதெபோ உல்டிம். 31 மீட்டர் நீளமான மூன்றுடல் படகு: நடுவில் ஓர் உடல், இரு பக்கமும் ஒவ்வோர் உடல். அதில் தனியே இருந்தவர் தோமா கொவீல், பிரான்ஸின் மிகத் தேர்ந்த தனிமாலுமிகளில் ஒருவர். படகின் பக்கவுடல் ஒன்றின் அணியம், அதாவது முன்முனை, பிய்ந்து போயிற்று. கொவீலுக்குக் காயமில்லை. உடைந்த படகை மெல்ல ஓட்டி, பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரிட்டனிக் கரையின் ரொஸ்கொஃப் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்குப் பந்தயம் அன்றே முடிந்தது. பரந்த அத்திலாந்திக் அவர் கண்ணில் படவேயில்லை.

நான் பதினான்கு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து கரையேறியவன். இப்போது கொழும்பில் கப்பலுக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்குக் கடல் வழிச்செலுத்தல் கற்பிக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் இந்த ஒரு நிகழ்வை இரண்டு மாலைகள் எடுத்து ஆராய்கிறோம். பிரெஞ்சுக்காரரின் பந்தயம் நமக்கு எதற்கு என்று முதல் நாள் யாராவது ஒருவர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். கொழும்பில் இந்தப் பந்தயத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே மிகக் குறைவு. ஆனால் அந்த இரவு நடந்தது பந்தயத்தை மட்டும் பற்றியதல்ல. வேகமான சிறிய படகும் பெரிய கப்பலும் இருட்டில் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. அந்த நீர் பிரிட்டனிக்கு வெளியே இருக்கிறது. இலங்கையின் தென்கோடியில் உள்ள எங்கள் தேவேந்திரமுனைக்கு வெளியேயும் இருக்கிறது.

பந்தயமும் அதன் பசியும்

ரூட் து ரம் 1978 இல் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நவம்பரில், சென் மாலோவிலிருந்து குவாதலூப்புக்கு. தனியாள் பந்தயம். முதல் பந்தயத்தின் முடிவு இன்றைக்கும் இதன் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். 23 நாள் கடலோட்டத்துக்குப் பிறகு கனடாவைச் சேர்ந்த மைக் பேர்ச், தன்னைவிட மிகப் பெரிய படகில் வந்த மிஷேல் மலினோவ்ஸ்கியைக் கரைக்கு அருகில் பின்தள்ளி வென்றார். வித்தியாசம் 98 விநாடிகள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018 இல், பிரான்சிஸ் ஜொயோன் ஏழு நாள் ஓட்டத்துக்குப் பின் பிரான்சுவா கபாரை 7 நிமிடம் 8 விநாடிகளால் வென்றார்.

சமுத்திரத்தையே கடந்த பிறகு தோல்வியை விநாடிக் கணக்கில் அளக்கும் ஒரு பந்தயத்தில், முதல் நாளில் எவராவது ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுப்பாரா? மாட்டார். முதல் மிதவையைச் சுற்றும் போதே கடைசி மிதவையை நினைத்துத்தான் ஓட்டுவார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பந்தயக்காரனின் மனம் அப்படித்தான் வேலை செய்யும். மோதலை ஆராயும்போது இந்த மனத்தையும் காற்றைப்போல, நீரோட்டத்தைப்போல ஒரு காரணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1978 பந்தயத்தில் அலன் கொலா தன் மனுரேவா படகுடன் காணாமற்போனார். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அவர் மறைந்தது நடுக்கடலில். மக்கள் நினைவில் நிற்பதும் அத்தகைய மரணம்தான்: சூறாவளி, மலைபோன்ற அலை, மௌனமான வானொலி. அதனால்தான் முதல் நாளை எல்லோரும் திருவிழாவாகப் பார்க்கிறார்கள். ஆபத்து பிறகு, தூரத்தில், நிலம் கண்ணுக்கு மறைந்த பின்னர் வரும் என்று நம்புகிறார்கள். நிலத்துக்கு அருகில்தான் கடல் மிக நெருக்கமாக இருக்கிறது என்பது கப்பலில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

புறப்பாட்டு நாள்

சென் மாலோவின் வற்றுப்பெருக்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பெரும் பெருக்கின்போது நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. கொழும்புத் துறைமுகத்தில் ஒரு மீட்டர்கூட மாறாது. முகத்துவாரத்தில் வளர்ந்த என் மாணவி ஒருத்தி இதை முதலில் நம்பவே மறுத்தாள். நாலு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கடல் ஏறி, ஆறு மணித்தியாலத்தில் இறங்குகிறது என்று சொன்னபோது, "அப்படியென்றால் வள்ளத்தை எங்கே கட்டுவார்கள், சேர்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அதற்காகத்தான் அங்கே துறைக்குள் நீரடைப்புக் கதவுகள் இருக்கின்றன. பந்தயப் படகுகள் உள்துறையில் நாள்கணக்கில் மிதந்துகொண்டு நிற்கும். புறப்படுமுன் அந்தக் கதவுகளின் வழியே வரிசையாக வெளியேற வேண்டும்.

இந்த நாள்களில் மாலுமி ஓய்வெடுக்கிறான் என்று நினைத்தால் தவறு. துறை மேடையில் இலட்சக்கணக்கான மக்கள். பணம் கொடுத்த நிறுவனங்களின் விருந்தினர். தொலைக்காட்சி. குழந்தைகளின் கையெழுத்துப் புத்தகங்கள். இடையில் வானிலை அறிஞர்களுடன் கூட்டம். கடைசி இரவில் நித்திரை சரியாக வராது. விடியுமுன் எழும்பி, குடும்பத்திடம் விடைபெற்று, கதவு வழியே வெளியேறி, புறப்பாட்டுக் கோட்டருகே மணிக்கணக்கில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய படகுகளில் பாய் ஏற்ற உதவிய ஆள்கள் புறப்பாட்டுக்கு முன்னர் இறங்கிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து, சிறிய கப்பலளவு பெரிதான ஒரு பொறி, களைத்துப்போன ஒரே மனிதனின் கையில்.

கோட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான பார்வையாளர் படகுகள். மேற்கே ஃப்ரேஹெல் முனையின் செங்குத்துப் பாறைமேல் மக்கள் வரிசை. அங்குள்ள மிதவையைச் சுற்றும்வரை பந்தயம் கரையிலிருப்பவர்களுக்காக ஓடுகிறது. மாலுமிகளுக்கு உரிய பந்தயம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நவம்பர் தொடக்கத்தில் அங்கே மாலை ஆறு மணியாகுமுன்னரே சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்குப் புறப்பட்டவனுக்குக் கிடைப்பது நான்கு மணித்தியாலத்துக்கும் குறைந்த வெளிச்சம். அந்த நான்கில் பாதி, கூட்டத்திலிருந்து தன் படகைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும்.

இரண்டு கடல்மைல்

பிரிட்டனியின் மேற்கு முனைக்கு வெளியே உவெஸ்ஸான் தீவு இருக்கிறது. ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும், அதிலிருந்து வெளியேறும் கப்பல்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே கப்பல்களுக்கு வீதிபோல் வழித்தடங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன: மேலே போவோருக்கு ஒன்று, கீழே வருவோருக்கு ஒன்று. 1978 மார்ச்சில் அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரிட்டனிப் பாறைகளில் மோதி, அது சுமந்துவந்த இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதன் பிறகு இந்தத் தடங்கள் கரையிலிருந்து இன்னும் வெளியே தள்ளப்பட்டன. 2021 இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியதைக் கண்ட எங்களுக்கு, ஒரே கப்பல் ஒரு கரையின் சீவியத்தை எப்படிக் கெடுக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

சென் மாலோவிலிருந்து உவெஸ்ஸான் வரை நூறு கடல்மைலுக்கு மேல். ஒரு பக்கம் பாறைக் கரை, மறுபக்கம் கப்பல்களின் பாதை. இடையிலுள்ள பட்டையில் 91 படகுகள், இருட்டில். அன்றிரவு காற்றும் ஓங்கியிருந்தது.

வகுப்பில் நாங்கள் செய்யும் கணக்கு இது. எண்கள் நான் பாடத்துக்காக எடுத்துக்கொண்டவை. அன்றிரவு பதிவான வேகங்கள் அல்ல. மூன்றுடல் படகு மணிக்கு 25 கடல்மைல் போகிறது. எதிரே வரும் சரக்குக் கப்பல் மணிக்கு 15. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் இடைவெளி மணிக்கு 40 கடல்மைல் வேகத்தில் குறைகிறது. சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் கம்பத்து உச்சி விளக்கு குறைந்தது 6 கடல்மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். ஆகவே தெளிவான இரவில் பாய்ப்படகுக்காரனுக்கு 9 நிமிடம் கிடைக்கிறது. ஆனால் 31 மீட்டர் படகின் பக்க விளக்குகளுக்கு விதி கேட்பது 2 கடல்மைல் மட்டுமே. பாயில் ஓடும் படகுக்கு வெள்ளை உச்சி விளக்கும் கிடையாது. எனவே கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், நிற்பவனுக்குக் கிடைப்பது 3 நிமிடம்.

ஒருவனுக்கு ஒன்பது, மற்றவனுக்கு மூன்று. இந்த இடைவெளியைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருப்பேன். பிள்ளைகள் தாங்களாகவே அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று நிமிடத்தில் கப்பல் என்ன செய்யும்? கப்பல்களின் திருப்புத்திறனுக்கான சர்வதேச அளவுகோல், சுக்கானை முழுதாகத் திருப்பிய பின்னரும் கப்பல் தன் நீளத்தின் நாலரை மடங்கு தூரம் முன்னோக்கிப் போக இடமளிக்கிறது. 200 மீட்டர்க் கப்பலுக்கு அது 900 மீட்டர், கிட்டத்தட்ட அரைக் கடல்மைல். முழு வேகத்திலிருந்து இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி நிறுத்துவதற்கு நீளத்தின் 15 மடங்கு, அதாவது 3 கிலோமீட்டர். இவற்றுக்கு முன்னால், அது விளக்கா அலையின் பளபளப்பா என்று பிரிட்ஜில் இருப்பவன் தீர்மானிக்கும் நேரம் போகும். தொலைநோக்கியை எடுப்பது ஒரு பத்து விநாடி. ராடாரில் பார்ப்பது இன்னும் சில விநாடி. அலைகள் எழும்பியிருந்தால் அவற்றின் எதிரொலி திரையின் நடுவை வெள்ளையாக்கிவிடும். சிறிய படகின் அடையாளம் அதற்குள் தொலைந்துபோகும்.

ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி இருக்கிறதே என்று ஒருவன் கேட்டான். இருக்கிறது. பெரிய கப்பல்களில் உள்ள கருவி ஓடும்போது சில விநாடிக்கு ஒருமுறை தன் இடத்தை அறிவிக்கும். ஆனால் சிறு படகுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் எளிய வகை 30 விநாடிக்கு ஒருமுறைதான் அறிவிக்கிறது. மணிக்கு 25 கடல்மைலில் போகும் படகு அந்த 30 விநாடியில் ஏறத்தாழ 390 மீட்டர் நகர்ந்துவிடும். திரையில் தெரிவது படகு இருந்த இடம், இருக்கும் இடமல்ல. இந்தக் கருவி வடிவமைக்கப்பட்ட காலத்தில், தனி ஒருவன் ஓட்டும் பாய்ப்படகு சரக்குக் கப்பலைவிட வேகமாகப் போகும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிரிட்ஜில் இருப்பவனின் கண்ணும் அப்படியே பழகியிருக்கிறது. பாயைக் கண்டால் மெதுவானது என்று மனம் சொல்லும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

இந்த மூன்றுடல் வகைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ட்ரைமரான். அதன் பின்பாதி கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து கிளைத்தது. கட்டுமரத்தில் வந்தவனைக் கப்பலில் இருப்பவன் காணத் தவறுவது நம் கரையில் மிகப் பழைய கதை.

விதிகள் என்ன சொல்கின்றன? 18 ஆம் விதி, இயந்திரக் கப்பல் பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்கிறது. மாணவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள், இங்கேயே நின்றுவிடுவார்கள். வழித்தடங்களைப் பற்றிய 10 ஆம் விதி, தடத்தைப் பின்பற்றிப் போகும் இயந்திரக் கப்பலின் பாதுகாப்பான பயணத்துக்குப் பாய்ப்படகு இடையூறு செய்யக்கூடாது என்கிறது. கடலின் நாலு முழத்துக்குள் உரிமை இப்படிப் புரண்டுவிடுகிறது. இவை இரண்டுக்கும் மேலாக 5 ஆம் விதி: ஒவ்வொரு கலமும் எந்நேரமும் தகுந்த கண்காணிப்பை வைத்திருக்க வேண்டும். எந்நேரமும். ஒரே ஆள் ஏழு நாள் ஓட்டும் படகில் இதை எப்படி நிறைவேற்றுவது? தனிமாலுமிகள் பெரும்பாலும் இருபது நிமிடத் துண்டுகளாகத் தூங்குகிறார்கள். மணிக்கு 18 கடல்மைலில் வரும் கப்பல் அந்த இருபது நிமிடத்தில் 6 கடல்மைல் வந்துவிடும். கண்மூடும்போது தொடுவானில் இல்லாத கப்பல், கண்விழிக்கும்போது தலைக்குமேல் நிற்கும்.

என் கருத்தை மறைக்காமல் எழுதுகிறேன். தனியாள் பந்தயம் 5 ஆம் விதியை முழுமையாக நிறைவேற்ற முடியாத ஒரு செயல். நடுச்சமுத்திரத்தில் அந்தக் குறையைக் கடலின் பரப்பு மன்னித்துவிடுகிறது. கரையோரத்தில் மன்னிப்பதற்கு இடமில்லை. ஆகவே முதல் நாளில் யார் தவறு செய்தார் என்ற கேள்வியைவிட, களைத்த மனிதர்களை அந்த நேரத்தில் அந்த நீருக்குள் யார் அனுப்பினார் என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிரிட்ஜில் நின்றவன்

இந்த நிகழ்வில் நான் கொவீலின் பக்கத்தில் மட்டும் நின்று பார்க்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு.

மூன்றாம் அதிகாரியாக இருந்த காலம். இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் காவல். தேவேந்திரமுனைக்குத் தெற்கே, கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் போகின்றன. ஐரோப்பாவையும் தூரகிழக்கையும் இணைக்கும் பாதை அதுதான். இடது பக்கம் கரையின் வெளிச்சம். அந்த வெளிச்சத்தோடு கலந்து ஒரு மங்கலான வெள்ளைப் பொட்டு. கரை விளக்கு என்று நினைத்தேன். அது அசைந்தபோது ஒரு கடல்மைலுக்கும் குறைவாக இருந்தது. சுக்கானை வலப்பக்கம் திருப்பக் கட்டளையிட்டேன். கப்பலின் அணியம் அசைய எடுத்த நேரத்தை இன்னும் என் உடம்பு மறக்கவில்லை. கீழே, எங்கள் பக்கவாட்டில், ஒரு மீன்பிடிப் படகு கடந்துபோனது. ஒருவன் டோர்ச் லைட்டை எங்களை நோக்கி மேலும் கீழும் ஆட்டினான். அவன் கத்தியிருப்பான், உயரத்தில் எனக்குக் கேட்கவில்லை. எங்கள் கப்பல் எழுப்பிய அலையில் அந்த விளக்கு எழும்பி, தாழ்ந்து, மீண்டும் எழும்பியது. அது மீண்டும் எழும்பும்வரை நான் மூச்சுவிடவில்லை.

காவல் முடிந்ததும் கப்டனிடம் சொன்னேன். எதுவும் நடக்கவில்லையே, பதிவேட்டில் எழுதத் தேவையில்லை என்றார். நான் எழுதவில்லை. அந்தக் கப்பலின் பதிவேட்டின்படி அன்றிரவு ஒன்றுமே நடக்கவில்லை. அந்தப் படகில் எத்தனை பேர் இருந்தார்கள், எந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதாமல் விட்டதற்கு அன்று இளவயதைக் காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணமாகாது. எழுதப்படாத மயிரிழைத் தப்பல்கள்தான் அடுத்த மோதலை உருவாக்குகின்றன. அன்று நான் எழுதியிருந்தால், அந்த இடத்தைக் கடக்கும் அடுத்த அதிகாரிக்கு ஒரு வரியாவது கிடைத்திருக்கும்.

2014 நவம்பர் 2 கத்தோலிக்கருக்கு இறந்தோர் நினைவுநாளும்கூட. முகத்துவாரத்துக்கு அருகே மாதம்பிட்டி மயானத்தில் அன்று கல்லறைகள்மேல் மெழுகுவர்த்திகள் எரியும். உடல் கிடைக்காமலே போன கடல்தொழிலாளிகளுக்கும் சில வீடுகளில் திரி ஏற்றுவார்கள். மறுநாள் காலை கொவீலின் படகு மோதிய செய்தியை வாசித்தபோது, அந்த மனிதன் உயிரோடு இருக்கிறான் என்ற வரியைத்தான் முதலில் தேடினேன்.

புறப்படும் மணியை யார் குறிப்பது

மோதலுக்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பந்தயத்தை லொயிக் பெய்ரோன் 7 நாள் 15 மணித்தியாலத்தில் ஓடி வென்று புதிய சாதனையை நிறுவினார். அதே கோட்டிலிருந்து புறப்பட்டவர்களில் 75 வயது ரொபின் நொக்ஸ் ஜோன்ஸ்டனும் ஒருவர். தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். கொவீல் தன் படகைச் செப்பனிட்டார். 2016 நவம்பரில் அதே படகில் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டு, 49 நாள் 3 மணித்தியாலத்தில் திரும்பி, தனியாள் உலகச் சாதனையை எட்டு நாளுக்கு மேல் குறைத்தார். உலகத்தைச் சுற்றி வந்த படகு, முன்பொரு முறை புறப்பட்ட துறைமுகத்துக்கு அருகிலேயே உடைந்த படகு.

பந்தய நடத்துநர்கள் அதன் பிறகு கற்றுக்கொண்டார்களா? வானிலை விடயத்தில் ஆம். 2022 இல் 138 படகுகள் நவம்பர் 6 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, புறப்படவிருந்தன. கடும் காற்றும் பெரிய கடலும் வருவதாக வானிலை சொன்னது. புறப்பாட்டை மூன்று நாள் தள்ளி, புதன்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இழப்பது அவர்களுக்குச் சின்ன விடயமல்ல. மரியாதைக்குரிய முடிவு அது. அடுத்த ஆண்டு, ல ஆவ்ர் துறையிலிருந்து அத்திலாந்திக்கைக் கடக்கும் இருவர் பந்தயத்தில், சியரான் புயல் வந்தபோது வகைக்கு ஒரு முடிவு எடுத்தார்கள். மிக வேகமான படகுகளைப் புயலுக்கு முன் ஓடவிட்டார்கள். சிறியவற்றை லொரியான் துறையில் ஒதுங்க வைத்தார்கள். நடுத்தர வகையொன்றைத் துறையிலேயே நிறுத்தி, ஒரு வாரத்துக்கு மேல் கழித்து அனுப்பினார்கள். வழித்தடப் பகுதிகளைப் பந்தயப் படகுகளுக்குத் தடைசெய்து, நுழைந்தால் தண்டனை வழங்குவதும் இன்று வழக்கமாகிவிட்டது.

ஆனால் புறப்படும் மணி மாறவில்லை. 2022 இல் புதன்கிழமைக்குத் தள்ளிப்போட்ட பின்னரும் புறப்பாடு பிற்பகல் 2.15 க்கே. மறுநாளே டமியன் செகான் என்பவரின் படகு சரக்குக் கப்பலுடன் மோதிப் பாய்மரத்தை இழந்தது. எட்டு ஆண்டு இடைவெளியில் அதே பந்தயம், அதே வகை மோதல்.

பிற்பகல் இரண்டு மணி, பார்க்க வருபவர்களுக்கு வசதியான நேரம். மதிய உணவு முடிந்திருக்கும். தொலைக்காட்சிக்கு வெளிச்சம் இருக்கும். பெருக்கு நேரமும் துறைக்கதவும் குறுக்கிடுகின்றன என்பதை ஏற்கிறேன். எனினும், முதல் நாளில் மிக நெருக்கடியான நீரை மாலுமி எந்த வெளிச்சத்தில் கடப்பான் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மணியைக் குறிப்பதுதான் கப்பல்காரனின் முறை. நாங்கள் துறைமுகம் சேரும் நேரத்தைத் தீர்மானித்துவிட்டு, அதிலிருந்துதான் புறப்படும் நேரத்தைக் கணக்கிடுவோம்.

வல்வெட்டித்துறையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இந்த இடத்தில் அன்னபூரணியைக் கொண்டுவந்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்ற, ஊர்க் கடலோடிகளே அதை அத்திலாந்திக் கடந்து ஓட்டிப்போய் 1938 இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறையில் சேர்த்தார்கள். அவனுடைய வாதம் இதுதான்: கப்பலின் தலைவரான தண்டையல், கொடியசைக்கும் கூட்டத்தைப் பார்த்துப் புறப்படவில்லை. வீசுவது வாடைக்காற்றா சோளகக்காற்றா என்று பார்த்தார், நீரோட்டத்தைப் பார்த்தார், பிறகு பாயை இழுக்கச் சொன்னார். இந்தப் படகுகளையும் கூட்டத்துக்காகப் பிற்பகலில் அல்ல, விடியலில் அனுப்பினால் போதும் என்றான். என் தாய்வழியும் அதே ஊர்தான். அவன் பேசும்போது எனக்கு ஊர்க் கிழவர்களின் குரல் கேட்டது.

அவனை முகத்துவாரத்து மாணவி விடவில்லை. விடியலில் அனுப்பினால் போதும் என்கிறாயே, சின்னப் படகுகளைக் கணக்குப் பார்த்தாயா என்றாள். பார்த்தோம். நவம்பரில் அங்கே பகல் ஏறத்தாழ பத்து மணித்தியாலம். பெரிய மூன்றுடல் படகு விடியலில் புறப்பட்டால் இருட்டுமுன் உவெஸ்ஸானைத் தாண்டிவிடலாம். 12 மீட்டர்ப் படகு எதிர்க்காற்றில் மணிக்கு ஏழெட்டுக் கடல்மைல்தான் போகும். அதற்கு எப்போது புறப்பட்டாலும் அந்த நீரில் ஓர் இரவு உண்டு. அவள் சொன்னது சரி. விடியல் புறப்பாடு எல்லோரையும் காப்பாற்றாது. ஆனால் பார்வைக்குள் வந்து மூன்று நிமிடத்தில் மோதக்கூடியவை வேகமான படகுகள்தான். அவற்றை விடியலிலும், மெதுவானவற்றைத் தனியாகவும் அனுப்பலாம். வகைக்கு ஒரு நாள் என்று புயலுக்காகச் செய்ய முடிந்தவர்களுக்கு, வகைக்கு ஒரு மணி என்று இருட்டுக்காகச் செய்வது முடியாததல்ல. அந்தப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வந்த முடிவு அது. என் முடிவும் அதுதான்.

கப்பல்களும் இடம் மாறலாம். 2022 இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம், தேவேந்திரமுனைக்கு வெளியே நீலத்திமிங்கிலங்கள் கூடும் பகுதியைத் தவிர்க்கத் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே ஓட்டத் தொடங்கியது. திமிங்கிலத்துக்காக நகரும் பாதை, கரைக்கருகே வலைவிரிக்கும் படகுகளுக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கும். எல்லாக் கப்பல்களும் அப்படிப் போவதில்லை.

இரண்டாம் மாலை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தெரிந்த ஒரு படகின் விளக்கைப் பார்த்து, அதன்மேல் குறிக்கப்பட்டிருக்கும் தூரத்தை எழுதி வர வேண்டும். முகத்துவாரத்து மாணவியின் தகப்பனார் நீண்டநாள் மீன்பிடிப் படகொன்றில் தொழில் செய்பவர். படகு துறைக்கு வந்த அன்று அவள் ஏறிப் பார்த்திருக்கிறாள். உப்பும் புகையும் படிந்திருந்த விளக்கைத் துணியால் துடைத்த பிறகுதான் எழுத்துத் தெரிந்ததாம். அடுத்த வகுப்பில் யாரும் கேட்குமுன்னரே பலகைக்குப் போனாள். விளக்கு, 2 கடல்மைல். அப்பாவின் படகு மணிக்கு 7, எதிரே கப்பல் மணிக்கு 18. கூட்டினால் 25. கீழே கோடு போட்டு, விடையை எழுதிவிட்டுச் சோக்கை வைத்தாள்: 4 நிமிடம் 48 விநாடி.

"துடைக்குமுன் எவ்வளவு இருந்திருக்கும், சேர்?" என்று கேட்டாள்.